எக்ஸ் அச்சை வெட்டாத கோடு

என் டீச்சரம்மாவுக்கு,

நாளைக் காலை உனக்குக் கல்யாணம். நீயும் அம்மாவும் பூக்கடைக்குப் போயிருக்கிறீர்கள். வீட்டில் நானும் கட்டி வைத்த பெட்டிகளும்தான் இருக்கிறோம். ஊரில் எல்லா அப்பாக்களும் இந்த நேரத்தில் மகளை உட்கார வைத்து நாலு புத்தி சொல்வார்கள். எனக்கு அது வராது. புத்தி சொல்ல ஆரம்பித்தால் என் குரல் ஏறிவிடும், உன் குரல் அதற்கு மேல் ஏறிவிடும், நடுவில் உங்கம்மா கரண்டியோடு வந்து நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது இல்லையா? இந்த வீட்டில் நான் முழுதாகப் பேசி முடிக்கிற முதல் பேச்சு இதுவாகத்தான் இருக்கும்.

உன்னைப் பெண் பார்க்க அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். அன்று காலையிலேயே உன்னிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், "எம்மா, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் யாரப் பாத்தும் தப்புன்னு சொல்லாத. காபி குடு, உக்காரு, கேட்டதுக்குப் பதில் சொல்லு, அவ்ளோதான்." காரணம் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் வந்தவர்களில் ஒரு பெரியவர், மாப்பிள்ளையின் அப்பா, கணக்கில் தான் புலி என்று பெருமையாக ஏதோ வட்டிக் கணக்கைச் சொல்ல, நீ காபி டம்ளரை நீட்டிக்கொண்டே அதைத் திருத்தினாய். அவர்கள் கேசரியைக்கூட முடிக்காமல் கிளம்பினார்கள். எனக்கு அந்தப் பயம் போகவில்லை. அதனால் இந்தத் தடவை அவர்கள் வந்து உட்கார்ந்ததுமே முந்திக்கொண்டு, "எம் பொண்ணு அதிர்ந்து பேச மாட்டா, சொன்னதுக்கெல்லாம் தலைய ஆட்டுவா" என்று அள்ளி விட்டேன். சமையலறைக்குள் உங்கம்மா இருமியது எனக்குக் கேட்டது.

வந்தவர்கள் இரண்டே பேர். உன் மாப்பிள்ளை, அவருடைய அம்மா. மாப்பிள்ளையின் அப்பா அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார். ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்தே அந்த அம்மா அவரை இன்ஜினீயர் ஆக்கியிருந்தார். தோளில் ஒரு துணிப்பை. பெண் பார்க்க வருகிறவர் எதற்குத் துணிப்பையோடு வருகிறார் என்று யோசித்தேன். பூ, பழத் தட்டெல்லாம் மாப்பிள்ளை கையில் இருந்தது. நீ காபியோடு வந்தாய், கும்பிட்டாய், உட்கார்ந்தாய். இதுவரை ஒழுங்கு. "இன்னா வேலம்மா பாக்குற?" என்று அந்த அம்மா கேட்டார். "பத்தாவதுக்குக் கணக்கு எடுக்குறேன்" என்றாய். அவ்வளவுதான். அந்த அம்மா முகம் மாறியது. பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. துணிப்பையைத் திறந்து பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் ஒரு வரைபடத் தாளையும் எடுத்து உன் முன்னால் வைத்தார். "இத்தக் கொஞ்சம் பாரும்மா, சரியா போட்டுக்கீறேனா?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மா பதினைந்து வயதில் பத்தாவதில் கணக்கில் மட்டும் பெயில் ஆக, வீட்டில் அதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். இப்போது தனித்தேர்வராக எழுதுகிறார். போன தடவையும் எழுதி, போய்விட்டது. ஞாயிறு தோறும் ஆவடியில் ஒரு டுட்டோரியலில் வகுப்பு. அந்த வகுப்பு முடிந்து நேராக நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். மாப்பிள்ளை நெளிந்தார். "நான் சொல்லிக் குடுத்தா சீக்கிரம் கத்திடுவேன் சார், அதனால என்னாண்ட கேக்க மாட்டாங்க" என்றார். உண்மையை இப்படிப் போட்டு உடைக்கிறாரே என்று அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நீ அந்தத் தாளைப் பார்த்தாய். 2x + 3y = 12 என்று ஒரு சமன்பாடு. அது அச்சுகளை எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பார்த்த வேகத்தில் சொன்னாய், "தப்பு அத்தே."

தலையை ஆட்டுவாள் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, நீ இடவலமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாய். அந்த அம்மாவும் இறங்கி உன் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் மாப்பிள்ளையும் மேலே உட்கார்ந்திருப்பதா, இறங்குவதா என்று தெரியாமல் பஜ்ஜித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் செய்த தப்பு இதுதான். எக்ஸை ஜீரோ ஆக்கினார். ஒய் நான்கு என்று வந்தது. அதுவரை சரி. ஆனால் புள்ளியைக் கொண்டுபோய் எக்ஸ் அச்சின் மேல் வைத்துவிட்டார். "எக்ஸத்தானம்மா ஜீரோ ஆக்கினேன், அப்ப எக்ஸ் மேலதான வெட்டணும்?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நீ சிரிக்கவில்லை. இத்தனை பிள்ளைகளுக்கு இதே தப்பைத் திருத்தியிருப்பாய், ஆனால் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டாய். பிறகு சொன்னாய்:

"உங்க ஊரு ரயில் கேட்ட நெனச்சிக்கங்க அத்தே. ரயில் லைன் கெழக்கு மேற்கா போவுது, அது எக்ஸ் அச்சு. ரோடு அத்தக் குறுக்கால தாண்டிக்கினு வடக்கே போவுது, அது ஒய் அச்சு. ரெண்டும் சேர்ற கேட்டுதான் ஆதிப்புள்ளி. இப்ப நீங்க கேட்டுலேர்ந்து ரோட்டோடவே நடந்து போறீங்க. லைன் பக்கமா எவ்ளோ தள்ளிப் போனீங்க?"

"நான் எங்க தள்ளிப் போனேன்? ரோட்டுலதான போறேன்?"

"அப்ப எக்ஸ் எவ்ளோ?"

"ஒண்ணுமில்ல. ஜீரோ."

"அப்ப எக்ஸ் ஜீரோவா கீற ஆளு எங்க நிக்கிறாரு?"

அந்த அம்மா, "ரோட்டுல!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். அழித்தார். நான்கை ஒய் அச்சில் வைத்தார். பிறகு நீ சொல்லாமலே ஒய்யை ஜீரோ ஆக்கி, ஆறு என்று கண்டுபிடித்து, ரயில் லைன் மேல் புள்ளி வைத்து, ஸ்கேலை வைத்து இரண்டையும் இணைத்தார். அச்சு இரண்டையும் வெட்டிக்கொண்டு கோடு நேராகப் போனது. அதன் பிறகு உன்னைப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்தது எப்பம்மா வரட்டும்?" என்று உன்னிடம் கேட்டார். கல்யாணப் பேச்சுக்கா பாடத்துக்கா என்று எனக்கு விளங்கவே இல்லை.

பிறகு வந்தார், வந்துகொண்டே இருந்தார். வேலை முடிந்து, ஊருக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் சேக்காட்டில் நம் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் போவார். நிச்சயம் ஆன பிறகு சம்பந்தியம்மா பெண் வீட்டுக்கு இப்படி வந்து போவதை யார் கேள்விப்பட்டார்கள்? எதிர்வீட்டுக்காரி உங்கம்மாவிடம், "பொண்ணு பாக்க எத்தினி தபா வருவாங்க அவுங்க?" என்று கேட்டாள். "பொண்ணு பாக்க வரல, கிராஃப் பாக்க வர்றாங்க" என்றாள் உங்கம்மா. அவளுக்கும் உன் வாய் கொஞ்சம் உண்டு, மறக்காதே.

நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு எல்லாப் பாடத்தையும் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு நாள் எனக்கு மறக்காது. நேர்கோடெல்லாம் முடிந்து வளைந்து போகிற கோடுகளுக்கு வந்திருந்தீர்கள். சிலது எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டும், சிலது ஒரே இடத்தில் தொட்டுவிட்டுத் திரும்பும் என்றாய். அன்று கொடுத்த கணக்கில் அந்த அம்மா போட்ட வளைவு, இறங்கி வந்து, அச்சைத் தொடாமலே மேலே திரும்பிவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? நீ பார்க்காத நேரத்தில் ரப்பரை எடுத்து அடியை அழித்துவிட்டு, வளைவை இழுத்துக் கீழே கொண்டுவந்து அச்சை வெட்ட வைத்துவிட்டார். நீ திரும்பிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாய்.

"ஏன் அத்தே அழிச்சீங்க?"

"வெட்டவே இல்லம்மா. கணக்குன்னா எங்கியாவது வெட்டித்தான ஆவணும்? நான்தான் தப்பா போட்டுக்கீறேன்னு..."

"நீங்க போட்டது சரி. இது வெட்டாது. வெட்டலன்னா வெட்டலன்னு எழுதுங்க, அதுக்கும் முழு மார்க்கு உண்டு. வெட்டாதத வெட்டுனதா மட்டும் காட்டக் கூடாது."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். தான் செய்தது சரியாக இருக்கும் என்று அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி ரப்பரைத் தேடினார். அதை நீ எவ்வளவு சாதாரணமாகத் திருத்தினாய்! அன்று உன்மேல் எனக்கு வந்த பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை கம்மி என்று உங்கம்மாவிடம் கத்தினேன், அவ்வளவுதான்.

பங்குனியில் முகூர்த்தம் குறித்தோம். மண்டபம் பேசியாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரம். அப்போது பரீட்சை அட்டவணை வந்தது. கணக்குப் பரீட்சை சரியாகக் கல்யாணத்தன்று காலையில். சம்பந்தியம்மா அதைப் பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம் போல வந்தார், படித்தார், போனார். பள்ளிக்கூடத்தில் அட்டவணையைப் பார்த்த நீ நேராக என்னிடம் வந்தாய். "அப்பா, கல்யாணத்தத் தள்ளி வெக்கணும்."

நான் ஆடிய ஆட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மாமியார் பரீட்சைக்காகக் கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டால் ஊரே சிரிக்கும் என்றேன். "சிரிக்கட்டும்பா. சிரிச்சிட்டு வந்து சாப்புடுவாங்க" என்றாய். குறித்த முகூர்த்தத்தை மாற்றினால் நல்லதா என்றேன். நல்லது எது என்று நீ திருப்பிக் கேட்டாய். கடைசியில் நான் சொன்னேன், "அவுங்க அடுத்த தபா எழுதிக்கட்டும், இன்னா இப்ப?" உன் குரல் அப்போது இறங்கியது. உன் குரல் இறங்கினால்தான் எனக்குப் பயம். "இத்தினி வருசமா எல்லாரும் அவுங்களாண்ட சொன்னது அதாம்பா" என்றாய்.

நாலு நாள் நான் உன்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நானே மண்டபத்துக்குப் போய் வைகாசியில் நாள் மாற்றிக்கொண்டு வந்தேன். மானேஜர் காரணம் கேட்டார். "வீட்ல ஒருத்தருக்குப் பப்ளிக் எக்ஸாம்" என்றேன். "அதுவும் சரிதான் சார், புள்ளைங்க படிப்புதான முக்கியம்" என்றார். நான் ஒன்றும் திருத்தவில்லை. அதற்குத்தான் நீ இருக்கிறாயே. விஷயத்தைச் சொன்னபோது சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நம் ஹாலிலேயே அழுதுவிட்டார். தனக்காக யாரும் எதையும் நிறுத்தி வைத்ததில்லை என்று சொன்னார்.

பரீட்சையன்று உனக்கு வேறொரு பள்ளியில் மேற்பார்வை வேலை, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து, "எக்ஸ் ஜீரோன்னா ரோடு, ஒய் ஜீரோன்னா லைனு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வாசலில் என்னைப் போலவே காத்திருந்த அப்பா அம்மாக்கள் கூட்டம். பக்கத்தில் நின்றவர், "பையனா பொண்ணா சார் உள்ள?" என்று கேட்டார். "சம்பந்தி" என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் சரக்கு ஏற்ற இத்தனை வருஷம் லாரிக்காகக் காத்திருந்திருக்கிறேன், ஆனால் அந்தக் காலை மாதிரி தவித்ததில்லை. நீ பிறந்த அன்று உங்கம்மா ஆஸ்பத்திரிக்குள் இருந்தபோது இப்படி நின்றேன், அவ்வளவுதான்.

மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்தார்கள். நடுவில் சம்பந்தியம்மா மெதுவாக வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்து, "அண்ணே, வெட்டல" என்றார்.

"இன்னாம்மா சொல்றீங்க?"

"கோடு எக்ஸு மேல எங்கியுமே வெட்டல அண்ணே. ரப்பரக் கையில எடுத்துட்டேன். அப்பால பொண்ணு சொன்னது நெனப்பு வந்துச்சி, கீழ வெச்சிட்டேன். வெட்டலன்னே எழுதிட்டு வந்துட்டேன்."

உன் வேலை முடிந்ததும் உனக்குப் போன் போட்டோம். கணக்கு என்ன என்று கேட்டாய். x² + 2x + 3 என்று அவர் வினாத்தாளைப் பார்த்துப் படித்தார். ஒரு நொடிகூட எடுக்காமல், "கரெக்ட் அத்தே, அது வெட்டாது" என்றாய். ரோட்டோரத்தில், இளநீர்க்காரர் பார்க்கப் பார்க்க, நானும் அவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

பத்திரிகைக் கதையை உன்னிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் படிப்புப் போடாத கல்யாணப் பத்திரிகை உண்டா? உனக்கு எம்.எஸ்சி., பி.எட். போட்டேன். மாப்பிள்ளைக்கு பி.இ. அந்த ஆசையில், ரிசல்ட் வருவதற்கு முன்பே, சம்பந்தியம்மா பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்று போடச் சொல்லிவிட்டேன். அச்சகத்துப் பையன், "இதெல்லாம் யாரும் போட மாட்டாங்க சார்" என்றான். "நீ போடுடா" என்றேன். சரிபார்க்கத் தாளை அவரிடம் கொடுத்தபோது, அவர் பேனாவை வாங்கி அதை மட்டும் அடித்துவிட்டார். "ரிசல்ட் வரலியே அண்ணே. வெட்டாதத வெட்டுனதா போடக் கூடாது, உங்க பொண்ணு திட்டும்" என்றார். பத்திரிகை படிப்பு இல்லாமல்தான் அச்சாகி ஊருக்கெல்லாம் போனது.

அம்மாடி, உனக்குச் சொல்ல நான் சேர்த்து வைத்திருந்த புத்தி ஒன்று இருந்தது. போகிற இடத்தில் கொஞ்சம் தணிந்து போ, யாரையும் தப்பு என்று சொல்லாதே என்று. அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ தப்பு என்று சொன்னதால்தான் இந்தக் கல்யாணமே நடக்கிறது. அதற்குப் பதிலாக, பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து உன்னிடம் நான் படித்த ஒன்றைச் சொல்கிறேன். கோடு எங்கே வெட்டுகிறது என்று பார்க்கத்தான் எக்ஸை ஜீரோ ஆக்குகிறோம். பார்த்து முடித்ததும் எக்ஸ் மறுபடி வந்துவிடும், இல்லையா? அந்த அம்மாவுக்காக உன் கல்யாணத்தையே கொஞ்ச நாள் ஜீரோ ஆக்கி வைத்தாய். அவர் எங்கே நிற்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் அதில்தான் தெரிந்தது. அது பெரிய மனசு. ஆனால் இங்கே நிறைய வீடுகளில் பெண்களை ஒரு தடவை ஜீரோ ஆக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். சம்பந்தியம்மாவை அப்படித்தான் விட்டார்கள். உங்கம்மாவை நான் எத்தனை இடத்தில் அப்படி விட்டேனோ, அவளிடம்தான் கேட்க வேண்டும். நீ உன்னை அப்படி விட்டுக்கொள்ளாதே. யாருக்காகவும், மாப்பிள்ளைக்காகவும், பின்னால் பிறக்கப்போகிற பிள்ளைக்காகவும்கூட. உன் குரல் இந்த வீட்டில் எப்படி இருந்ததோ, அப்படியே அங்கேயும் இருக்கட்டும். அங்கே ஒருவருக்கு அது பழகியும்விட்டது.

ரிசல்ட் வந்த அன்று நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உனக்குப் போனில் சொல்வதற்கு முன்பே அவர் இங்கே வந்துவிட்டார், மூச்சு வாங்க, கையில் இனிப்புப் பெட்டியோடு. எத்தனை மார்க் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் இங்கேயும் எழுத மாட்டேன். பாஸ், அது போதும். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "பத்திரிக ஒண்ணு மீதி கீதா அண்ணே?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். உங்கம்மா மேசையைத் துடைத்துவிட்டாள். எதற்கு என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

அந்தப் பத்திரிகையை உன் பெட்டியில் மேலாக, புடவைகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைப் பார். மாப்பிள்ளையின் அம்மா பெயருக்குப் பின்னால் நீல மையில் எஸ்.எஸ்.எல்.சி. என்று எழுதியிருக்கும். என் கையெழுத்து உனக்குத் தெரியும். அது என்னுடையது இல்லை.

உன் குரலுக்குப் பழகிய,
அப்பா